ஆஸ்பத்திரி வளாகத்து ஓடைமேல் மரப்பாலம்: வண்டி போகிற அளவுக்குக் கட்டலாமா?

ஓடைக்கரை (குலசேகரம்) எழுதியது:

வணக்கம். குலசேகரம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் மராமத்துப் பொறுப்பில் இருக்கிறேன். படித்தது சிவில் டிப்ளமோ. கட்டடம், தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர் எல்லாம் பார்த்துக்கொள்வேன். பாலம் எனக்குப் புதிது. அதனால்தான் கட்டத் தொடங்கும் முன்பே இங்கே கேட்கிறேன்.

எங்கள் வளாகத்தை ஒரு ஓடை இரண்டாகப் பிரிக்கிறது. ரோட்டுப் பக்கம் பழைய கட்டடம், அவசரப் பிரிவு, எக்ஸ்ரே. மறுகரையில் புதிய பிரசவப் பிரிவும் டயாலிசிஸும். நடுவே இருப்பது ஹியூம் குழாய் போட்ட பழைய குழாய்ப் பாலம் ஒன்றுதான். ஓடையின் மேல்பக்கம் முழுக்க ரப்பர் தோட்டம். மழை வலுத்தால் ரப்பர் சுள்ளியும் தென்னை மட்டையும் வந்து குழாய் வாயை அடைத்துவிடும், தண்ணீர் பாலத்தின் மேலேறி ஓடும். அப்போது ஆம்புலன்ஸ் கேட்டுக்கு வெளியே போய், மெயின் ரோட்டைச் சுற்றி, பின்பக்கத் தோட்டப் பாதை வழியாக வர வேண்டும். 2021 நவம்பர் மழையில் அந்தப் பாதையும் சேறாகிவிட்டது. பிரசவ வலியோடு வந்த ஒரு பெண்ணை ஸ்ட்ரெச்சரில் வைத்து, முழங்காலுக்கு மேல் ஓடும் தண்ணீரில் நாலு பேர் தூக்கிக்கொண்டு கடந்தோம். தாயும் பிள்ளையும் நலம். ஆனால் இன்னொரு முறை அப்படி ஒருவரைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கும் நிலை எங்களுக்கு வரக்கூடாது.

புதுப் பாலத்துக்கு நிர்வாகம் சம்மதித்துவிட்டது. மரத்தில் கட்டலாமா என்று தலைமை மருத்துவர் கேட்கிறார். புதுக் கட்டடத்துக்காக வெட்டிய ஐனியும் (ஆஞ்சிலி என்றும் சொல்வார்கள்) தேக்கும் தடியாக வளாகத்திலேயே கிடக்கின்றன. அவர் ஐரோப்பாவில் மரப்பாலத்தின் மேல் லாரியே போவதைப் பார்த்திருக்கிறார். வார்டு ஜன்னலுக்கு நேர் எதிரே வருவதால், படுத்திருப்பவர்கள் கண்ணுக்கு மரம் இதமாக இருக்கும் என்பதும் அவர் எண்ணம். அந்த எண்ணம் எனக்கும் பிடித்திருக்கிறது.

கரைக்குக் கரை 7.5 மீட்டர். ஒரு வண்டி போகும் அகலமும், பக்கத்தில் நடைபாதையும் வேண்டும். ஆம்புலன்ஸ் போனால் போதும் என்கிறார்கள். ஐனியில் உத்திரம் போட்டால் என்ன கனத்தில் போட வேண்டும்? நம்ம ஊர் மழைக்கு எத்தனை வருஷம் தாங்கும்? ரப்பர் மரம் மலிவாகக் கிடைக்கிறதே, பலகைக்கு அதைப் பயன்படுத்தலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய பாலக்காரன் (தக்கலை) எழுதியது:

தம்பி, அரசு வேலையில் பாலப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். நல்ல கேள்வி, நல்ல நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் "ஆம்புலன்ஸ் போனால் போதும்" என்ற பேச்சை விட்டுவிடுங்கள். ஆள் ஏறிய ஆம்புலன்ஸ் நாலு டன் பக்கம்தான் வரும், அதற்குப் பாலம் போடுவது சிரமமே இல்லை. ஆனால் பாலம் என்று ஒன்று வந்துவிட்டால் அதன் மேல் எது போகும் என்பது உங்கள் கையில் இருக்காது. டயாலிசிஸ் இருக்கிறது என்கிறீர்கள். கோடையில் தண்ணீர் லாரி வரும். 12,000 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 12 டன். ஜெனரேட்டருக்கு டீசல் வண்டி, கட்டடம் பெருகினால் ஜல்லி லாரி, எல்லாவற்றுக்கும் மேலே தீயணைப்பு வண்டி. பிரசவ வார்டில் புகை கிளம்புகிற ராத்திரியில் "அதிகபட்சம் 5 டன்" என்ற போர்டை எந்த ஓட்டுநரும் நின்று படிக்க மாட்டார், படித்துத் திரும்பிப் போகவும் கூடாது.

ஐ.ஆர்.சி. (இந்திய சாலைக் காங்கிரஸ்) விதிகளில் மரப்பாலங்களைத் தற்காலிகப் பாலக் கணக்கில் வைத்து, கிளாஸ் பி என்ற இலகுவான சுமைக்குப் போடச் சொல்லுவார்கள். அதில் கனமான அச்சில் (இரு பக்கச் சக்கரமும் சேர்த்து) இறங்கும் எடை 6.8 டன். அதைவிடக் கனமான கிளாஸ் ஏ-யில் 11.4 டன். ரோட்டில் ஓடும் லாரிக்குப் பின் அச்சில் 11.5 டன் வரை 2018-லிருந்து சட்டமே அனுமதிக்கிறது. ஆகவே பி என்று கணக்குப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. என் கருத்து, ஏ-க்கே போடுங்கள்.

இப்போது உங்கள் ஐனி உத்திரத்துக்கு வருவோம். பேரிங் (உத்திரத்தின் முனை உட்காரும் இடம்) நடுவிலிருந்து நடுவுக்கு 8 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 11.5 டன் அச்சில் ஒரு பக்கச் சக்கரத்துக்கு 5.75 டன். அது ஒரு உத்திரத்தின் சரிநடுவில் நின்றால் வளைவுத் திருப்பம், அதாவது உத்திரத்தை வளைக்கும் விசையின் அளவு, சுமார் 113 கிலோநியூட்டன் மீட்டர். 300 மி.மீ. அகலமும் 450 மி.மீ. ஆழமும் உள்ள உத்திரம் என்றால் அடிநாரில் வரும் இழுவிசை சதுர மி.மீ.-க்கு ஏறக்குறைய 11 நியூட்டன். ஐ.எஸ். 883 என்ற இந்திய மரக் கட்டுமானத் தரநிலையில் நடுத்தர வகை மரத்துக்குக் கூரைக்குக் கீழே உலர்ந்த நிலையில் அனுமதி 12, அதற்கு அடுத்த வகைக்கு 8.5. மழையில் நனையும் மரத்துக்கு இன்னும் குறைக்க வேண்டும். உத்திரத்தின் சொந்த எடையை நான் இன்னும் சேர்க்கவில்லை. கிளாஸ் ஏ-யில் 11.4 டன் அச்சு இரண்டு, 1.2 மீட்டர் இடைவெளியில் அடுத்தடுத்து வரும். அப்போது அதே உத்திரத்தில் வளைவுத் திருப்பம் 190-ஐத் தொடும். பக்கத்து உத்திரங்கள் பங்கு வாங்கும் என்பது உண்மைதான். ஆனால் பலகை தளர்ந்துபோனால் அந்தப் பங்கும் குறையும்.

300-க்கு 450, நீளம் 8.5 மீட்டர் என்றால் ஒன்றுக்கே 40 கன அடி. வெள்ளை (தடியின் வெளிச்சுற்று இளமரம்) முழுக்கப் போக, முடிச்சில்லாமல், முறுக்கில்லாமல் அந்த அளவில் ஐந்தாறு தடி உங்களிடம் இருக்கிறதா? ஐனி நெடுநெடுவென்று வளரும் மரம்தான், ஆலப்புழைக்காரர்கள் பந்தய வள்ளமே ஆஞ்சிலியில்தான் செய்கிறார்கள். இருந்தாலும் இவ்வளவு பருத்த துண்டு உள்வரை காய்வது நடக்காத காரியம். வெளித்தோல் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் இருக்கும், நீளவாக்கில் வெடிக்கும். வெடிப்புக்குள் மழைத் தண்ணீர் இறங்கும்.

அதனால் நான் சொல்வது இதுதான்: சுமை தாங்கும் கர்டர் இரும்பாக இருக்கட்டும், மேலே ஓடுதளமும் நடைபாதையும் கைப்பிடியும் உங்கள் மரத்தில் இருக்கட்டும். ஐ.எஸ்.எம்.பி. 450 என்ற ஐ (I) வடிவ இரும்பு உத்திரம் மீட்டருக்கு 72.4 கிலோ. 8.5 மீட்டருக்கு 615 கிலோ வரும். பக்கவாட்டில் வளையாமல் குறுக்கே சரியாகக் கட்டிவிட்டால் ஒரு கர்டர் 220 கிலோநியூட்டன் மீட்டர் பக்கம் தாங்கும். அதே இடத்தில் ஐனி உத்திரம் 700 கிலோவைத் தாண்டும், தாங்குவதோ பாதிகூட இல்லை. கர்டரை 700 மி.மீ. இடைவெளியில் வைத்து, குறுக்கே 5 அங்குலக் கனத்தில் பலகை போட்டால் லாரிச் சக்கரம் தாராளமாகப் போகும். ஓடுதளம் 4.25 மீட்டர் அகலம் வையுங்கள், அதுதான் ஒருவழிப் பாலத்துக்கான அளவு. அதற்கு நாலரை மீட்டர் பலகை சுமார் 160 கன அடி போதும். இந்த அளவுகள் ஒரு மதிப்பீட்டுக்குத்தான். வரைபடத்தில் கையெழுத்துப் போட ஒரு கட்டமைப்புப் பொறியாளர் வேண்டும், அந்தச் செலவைக் குறைக்க நினைக்காதீர்கள்.

மரத்திலேயே முழுப் பாலம் கட்ட முடியாது என்று நான் சொல்லவில்லை. நெதர்லாந்தின் ஸ்னீக் நகரில் 2008-ல் நெடுஞ்சாலைக்கு மேலே 32 மீட்டர் இடைவெளியில் கனரக லாரி போகும் மரப்பாலம் கட்டினார்கள். ஆனால் அது அசெட்டிக் அன்ஹைட்ரைடில் பதப்படுத்தி, ஆலையில் அடுக்கடுக்காக ஒட்டிய மரம். உங்கள் டாக்டர் பார்த்ததும் அந்த மாதிரி ஒன்றாகத்தான் இருக்கும். கனடாவின் ஒன்டாரியோவில் 1976-ல் தொடங்கிய வேறொரு முறை இருக்கிறது. சிறு பலகைகளைக் குத்துவாட்டில் நெருக்கி நிறுத்தி, குறுக்கே துளையிட்டு, உயர்வலு இரும்புக் கம்பியால் இழுத்து இறுக்கி ஒரே தட்டாக்கிவிடுவார்கள். சின்ன மரம் போதும் என்பது அதன் அழகு. ஆனால் மரம் சுருங்கச் சுருங்க இறுக்கம் போகும். முதல் நாள் இறுக்கி, ஒரு வாரத்தில் மறுபடி இறுக்கி, ஒன்றரை மாதத்தில் இன்னொரு தடவை, அதற்குப் பிறகும் அவ்வப்போது பார்க்க வேண்டும். ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை, நடுவில் காய்கிற வெயில் என்று இருக்கும் நம் மாவட்டத்தில் கம்பியை இழுத்து இறுக்கும் ஜாக்கும் அதை இயக்கத் தெரிந்த ஆளும் எப்போதும் கைக்கெட்ட இருக்க வேண்டும். ஒரு ஆஸ்பத்திரிக்கு அந்தச் சுமை வேண்டாம்.

பெரும்பாலும் முதலில் கைவிடுவது இணைப்புதான். நார்வேயில் ட்ரெட்டன் என்ற ஊரில் 2012-ல் திறந்த மரப்பாலம் 2022 ஆகஸ்டில் ஒரு லாரியும் ஒரு காரும் மேலே போய்க்கொண்டிருக்கும்போதே இடிந்து விழுந்தது. பெரிய குழுக்கள் வடிவமைத்த பாலம் அது. விசாரணை கைகாட்டியது மரச்சட்டத்துக்குள் இரும்புத் தகடும் முளையும் சேரும் இணைப்பை, அங்கே மரம் ஒரு துண்டாகப் பிய்ந்து வந்திருக்கிறது. அதனால் எத்தனை வருஷம் தாங்கும் என்று யாராவது உங்களிடம் மர வகையை மட்டும் கேட்டுவிட்டுப் பதில் சொன்னால் நம்பாதீர்கள்.

ஆயுளைத் தீர்மானிப்பது தண்ணீர். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே நின்றால் அழுகும் பூஞ்சை பிடிக்காது. பத்மநாபபுரம் அரண்மனையைக் காட்டி, "1601 வாக்கில் கட்டியது, இன்னும் நிற்கவில்லையா" என்று யாராவது உங்கள் கமிட்டியில் கேட்பார்கள். நிற்கிறது, ஏனென்றால் தாழ்ந்த ஓட்டுக்கூரை மழையை மரத்தில் படவே விடுவதில்லை. உங்கள் பாலத்துக்குக் கூரை போட்டால் தீயணைப்பு வண்டிக்காக 5 மீட்டர் உயரம் விட வேண்டும், அந்த உயரத்தில் சாரலை எந்தக் கூரை தடுக்கும்? புனலூர் தூக்குப்பாலத்தைப் பாருங்கள், கல்லடையாற்றின் குறுக்கே 1877-ல் முடித்தது. சங்கிலியும் கல்தூணும் அப்படியே இருக்க, மேல்தளத்தைக் கம்பக மரத்தில் புதுப்பித்துத்தான் காப்பாற்றி வருகிறார்கள். பலகை தேயும், மாற்றப்படும் என்று முதலிலேயே ஏற்றுக்கொண்டு கட்டுவதுதான் மரப்பாலத்தின் முறை.

எனவே பலகைக்குப் பலகை 8 மி.மீ. இடைவெளி விடுங்கள், தண்ணீர் தங்காது. கர்டரின் மேல்முகத்தில் தார்ப்பட்டை ஒட்டி அதன்மேல் பலகையை வையுங்கள். இரும்பும் மரமும் தொடும் இடம்தான் முதலில் அழுகும். பலகையின் வெட்டுமுகம் மண்ணையோ கான்கிரீட்டையோ தொடவே கூடாது. வெட்டுமுகம் வழியாகத் தண்ணீர் உறிஞ்சும் வேகம், பக்கவாட்டை விடப் பல மடங்கு. அபட்மென்ட் (பாலத்தின் முனை உட்காரும் கரைச்சுவர்) மேல் மண்ணும் சருகும் சேராதபடி கூட்டிவிட ஆள் போகும் இடம் விடுங்கள். ஆணி அடிக்காதீர்கள். போல்ட், அதுவும் மேலிருந்தே கழற்றும்படி. ஒரு பலகை போனால் இரண்டு வண்டி போவதற்கு நடுவே கழற்றி வேறொன்றை வைத்துவிட வேண்டும். மாற்றுப் பலகை பத்து பன்னிரண்டை இப்போதே அறுத்து நிழலில் அடுக்கி வையுங்கள், வெற்றிடத்தை மூட ஒரு கனத்த இரும்புத் தகடும் அங்கேயே கிடக்கட்டும்.

இன்னொன்று. இந்தப் பாலம் எவ்வளவு நன்றாக அமைந்தாலும் பின்பக்கத் தோட்டப் பாதையைச் செம்மைப்படுத்தி வையுங்கள். மறுகரையில் டயாலிசிஸ் மெஷினில் ஆள் இருக்கும்போது ஒரே வழியை மூடி யாரும் பராமரிப்பு வேலை செய்ய மாட்டார்கள். தள்ளிப்போடுவார்கள், தள்ளிப்போட்டே பாலம் கெடும்.

---

மரமில் (மார்த்தாண்டம்) எழுதியது:

அண்ணா, தாத்தா காலத்திலிருந்தே தடி அறுக்கிறோம். ரப்பர் மரத்தைப் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்கிறேன்: வேண்டவே வேண்டாம். அறுத்த அன்றே மருந்தில் போடாவிட்டால் நீலம் பூத்து, பொடிவண்டு ஏறிவிடும். பர்னிச்சருக்குப் போகும் ரப்பர் பலகையைப் போராக்ஸ், போரிக் ஆசிடில் ஊறவைப்பார்கள். அந்த மருந்து தண்ணீரில் கரைவது. வீட்டுக்குள் இருந்தால் நிற்கும், மழையில் நனைந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிக்கொண்டு போய்விடும். தென்னைத் தடியும் அப்படித்தான், வெளிச்சுற்று மட்டும் கெட்டி, நடுவில் சோறு. வண்டிச் சக்கரத்துக்கு ஆகாது.

ஐனியும் தேக்கும் பலகைக்கு நல்ல தேர்வு. ஆனால் வைரத்தை, அதாவது உள்ளே இருக்கும் கெட்டி மரத்தை மட்டும் எடுக்கணும். ஐனியில் வைரம் பொன்மஞ்சளாக அறுபட்டு, வெயில் பட்டுப் பழுப்பாகும். வெள்ளை வெளிறி இருக்கும். ஒரு விரல் அகலம் வெள்ளை ஓரத்தில் தங்கினாலும் செதல் அதைப் பிடித்துத்தான் உள்ளே வரும். ஆசாரி "கொஞ்சம்தானே" என்பார், விடாதீர்கள். அறுக்கும்போது நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள்.

தடி இப்போது எப்படிக் கிடக்கிறது? மண்ணில் கிடந்தால் இன்றே அடியில் கட்டை கொடுத்துத் தூக்குங்கள். இரண்டு முனைக்கும் மெழுகோ கட்டியான பெயின்டோ அடியுங்கள், இல்லையென்றால் முனை வெடித்து நல்ல நீளம் போய்விடும். பலகையாக அறுத்த பிறகு ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் ஒரே கனத்தில் சட்டம் வைத்து, சட்டங்கள் மேலிருந்து கீழே ஒரே நேரில் வரும்படி அடுக்கி, மேலே தகரம் போட்டு, காற்று புகும் நிழலில் விடணும். 5 அங்குலப் பலகை ஒரு மழைக்காலத்தில் காயாது. ஓரங்குலத்துக்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. சூளையில் காயவைத்தாலும் இந்தக் கனத்துக்கு மெதுவாகத்தான் ஏற்றணும், அவசரப்பட்டால் உள்ளே தேன்கூடு மாதிரி வெடித்துவிடும். அதனால் சார் சொன்ன 5 அங்குலத்தை ஒரே பலகையாக எடுக்காமல் இரண்டரை இரண்டரையாக எடுத்து ஒன்றின்மேல் ஒன்று போடலாமா என்று அவரிடமே கேளுங்கள். காய்வது சீக்கிரம் ஆகும்.

சி.சி.ஏ. மருந்து அழுத்தத்தில் ஏற்றித் தருகிறோம் என்று யாராவது வந்தால் யோசியுங்கள். அதில் ஆர்சனிக் இருக்கிறது. உங்கள் ஓடை கீழே போய் ஆட்கள் குளிக்கிற துறைக்கும் வயலுக்கும்தானே சேருகிறது. தவிர, தேக்கின் வைரம் அந்த மருந்தை உள்ளே இழுக்கவே இழுக்காது. வைரம் தன்னாலேயே தாங்கும் மரம், அதற்கு மருந்தும் தேவையில்லை.

மரத்தின் வலுவைப் பற்றிக் காகிதம் வேண்டுமென்றால் பெங்களூரில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, மாதிரி அனுப்பிச் சோதிக்கலாம். தேக்குத் தடியை மில்லுக்குக் கொண்டுபோகும் முன் மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டு, வேண்டிய சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

---

சைரன் (நாகர்கோவில்) எழுதியது:

ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன் சொல்கிறேன், பொறியியல் எனக்குத் தெரியாது. பலகைப் பாலத்தில் ஏறும் இடத்தில் ஒரு சின்னப் படி விழுந்துவிடும். பாலம் உட்காரும் கான்கிரீட் சுவர் அப்படியே நிற்கும், அதன் பின்னால் போட்ட மண் இறங்கும். இரண்டு அங்குலம் இறங்கினால் போதும். முதுகெலும்பு உடைந்தவரை ஏற்றி வரும்போது அந்த இரண்டு அங்குலத்துக்குப் பின்னாலிருந்து வரும் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும். பாலத்தின் இரண்டு முனையிலும் ரோட்டை எப்படி முடிக்கிறார்கள் என்பதைத் தயவுசெய்து கேட்டுச் செய்யுங்கள்.

தளர்ந்த பலகை தடதடக்கும். பக்கத்திலேயே பிரசவ வார்டு என்கிறீர்கள், ராத்திரி முழுக்க அதைக் கேட்டுக்கொண்டு படுப்பது கஷ்டம். போல்டை யார், எப்போது முடுக்குவது என்று இப்போதே ஒருவர் பெயரில் எழுதி வையுங்கள்.

நடைபாதைப் பலகை மழையில் பாசி பிடித்தால் கண்ணாடிபோல் வழுக்கும். ஸ்ட்ரெச்சரின் சின்னச் சக்கரம் பலகை இடுக்கில் மாட்டும். பலகையை நடக்கும் திசைக்குக் குறுக்கே போடுங்கள், நீளவாக்கில் போட்டால் சக்கரம் இடுக்கிலேயே ஓடி நிற்கும். கைத்தடி ஊன்றி வருகிறவர்களுக்கும் அதுதான் நல்லது. பாலத்தில் ஏறும்போதே மறுமுனை தெரியும்படி விளக்கு வேண்டும், எதிரே வண்டி ஏறிவிட்டால் யார் பின்னால் எடுப்பது?

---

வால்வு (மார்த்தாண்டம்) எழுதியது:

ஆஸ்பத்திரிக் கருவிகளையும் வாயுக் குழாய்களையும் பராமரிப்பது என் தொழில். யாரும் ஆக்சிஜனைப் பற்றிப் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன். திரவ ஆக்சிஜன் தொட்டி எந்தக் கரையில் இருக்கிறது? புதிய கட்டடத்துக்குக் குழாய் போக வேண்டுமென்றால், பாலத்தின் அடியில் கட்டித் தொங்கவிடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். மரத்தளத்துக்கு அடியில் ஆக்சிஜன் குழாயைக் கட்டாதீர்கள். ஒரு இணைப்பு கசிந்தால் அந்த இடத்து மரம் சாதாரண மரமாக எரியாது.

டேங்கர் நின்று ஆக்சிஜன் இறக்கும் இடம் பாலத்திலிருந்து தள்ளி, கான்கிரீட் தளமாக இருக்கட்டும். திரவ ஆக்சிஜன் மரத்திலோ தாரிலோ சிந்தி ஊறினால், ஒரு தட்டுத் தட்டினாலே வெடிக்கக்கூடிய பொருளாகிவிடும். அதனால்தான் இறக்கும் இடத்தில் தார் போடக்கூடாது என்று விதி இருக்கிறது. பாலத்துக்கும் அந்த விதி பொருந்தும். டேங்கர் கடந்து போகட்டும், பாலத்தின் மேல் நிற்கக்கூடாது.

மின் கேபிளையும் தனி இரும்புக் குழாயில், பலகையைத் தொடாமல், கர்டரின் வெளிப்பக்கம் கொண்டுபோங்கள்.

---

ஓடைக்கரை (குலசேகரம்) எழுதியது:

எல்லோருக்கும் மிகுந்த நன்றி. நேற்று தடிகளைத் தூக்கிக் கட்டைமேல் வைத்து முனைக்குப் பெயின்ட் அடித்துவிட்டோம். ஐனியின் ஒரு முனையில் வெடிப்பு ஏற்கனவே ஒரு சாண் போயிருக்கிறது, நல்லவேளை சொன்னீர்கள் அண்ணா.

ஆக்சிஜன் தொட்டி ரோட்டுப் பக்கம்தான் இருக்கிறது. குழாயைப் பாலத்தில் கொண்டுபோகத்தான் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லிவிட்டேன். வேறு வழி பார்க்கிறோம்.

தலைமை மருத்துவரிடம் இந்தப் பதில்களை உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். இரும்புக் கர்டர், மேலே மரம் என்பதற்கு ஒத்துக்கொண்டார். சார், இன்னும் மூன்று சந்தேகம். பாலத்தை எவ்வளவு உயரத்தில் வைப்பது? எங்கள் நிலத்துக்குள் ஓடும் ஓடைதானே, யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா? பலகை இரண்டரையாக இரண்டு அடுக்கு போடலாமா?

---

பழைய பாலக்காரன் (தக்கலை) எழுதியது:

இரண்டு அடுக்கு போடலாம் தம்பி, ஆனால் இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் நிற்கும் என்பதுதான் பயம். அடி அடுக்கு குறுக்கே நாலங்குலம், அதுதான் சுமை வாங்கும். மேலே சக்கரம் ஓடும் இரண்டு தடத்தில் மட்டும் நீளவாக்கில் இரண்டங்குலப் பலகை போட்டுவிடுங்கள். தேய்வதும் நனைவதும் அந்த மேல்பலகையாக இருக்கும், அதை மாற்றுவது மலிவு. நாலங்குலம் காய எடுக்கும் காலத்தில் அபட்மென்டும் கர்டரும் முடியட்டும். நாலங்குலம் போதுமா என்பதை உங்கள் பொறியாளர் கர்டர் இடைவெளியோடு சேர்த்துப் பார்க்கட்டும், தேவைப்பட்டால் கர்டரை நெருக்கிக்கொள்ளலாம்.

உயரத்துக்கு வெள்ளக்குறிதான் ஆதாரம். 2021-ல் தண்ணீர் எதுவரை வந்தது என்று அங்கே பழைய காவலாளியிடமும் மேல்பக்கத் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்களிடமும் தனித்தனியாகக் கேட்டு, அவர்கள் காட்டும் இடத்தைச் சுவரில் குறித்து லெவல் எடுங்கள். இரண்டு பேர் சொல்வதும் ஒத்துவந்தால் நல்லது. அதற்கு மேலே விட வேண்டிய இடைவெளியை ஐ.ஆர்.சி. ஓட்டத்தின் அளவை வைத்துச் சொல்கிறது. விநாடிக்கு 3 முதல் 30 கனமீட்டர் வரை ஓடினால் 600 மி.மீ., 30-க்கு மேல் 300 வரை 900 மி.மீ. கர்டரின் அடிவிளிம்பிலிருந்து அளக்க வேண்டும். உங்கள் ஓடையில் மட்டையும் சுள்ளியும் வருவதால் நான் 900-ஐத்தான் பிடிப்பேன். நடுவில் தூண் வேண்டாம், ஒரே தாவலில் கடந்துவிடுங்கள். தூண் வைத்தால் குழாய் வாய் அடைத்த அதே குப்பை தூணில் வந்து சேரும்.

மரத்தளம் மிதக்கும் என்பதையும் யோசியுங்கள். குறியைத் தாண்டி வெள்ளம் வந்தால் பலகை தன் எடையால் கீழே நிற்காது, தண்ணீர் தூக்கும். கீழே இழுத்துப் பிடிக்கும் போல்ட்டு கர்டரில், கர்டரைப் பிடிக்கும் போல்ட்டு அபட்மென்டில் இருக்க வேண்டும். போல்ட், வாஷர் எல்லாம் சூடான துத்தநாகக் குளியல் கொடுத்ததாக இருக்கட்டும்.

அனுமதி பற்றி. உங்கள் நிலத்துக்குள் ஓடினாலும் ஓடை பெரும்பாலும் புறம்போக்காகத்தான் பதிவாகியிருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படம் (நில அளவை வரைபடம்) வாங்கிப் பாருங்கள். புறம்போக்கு என்றால் வருவாய்த் துறை, நீர்வளத் துறை இரண்டு இடத்திலும் எழுத்தில் வாங்காமல் கடைக்கால் தோண்டாதீர்கள். பாதியில் நிறுத்தினால் மழைக்குள் முடியாது. கோடையில் தண்ணீர் வற்றும்போது கடைக்கால் முடிந்துவிட வேண்டும், ஜூன் பிறந்தால் குழியில் தண்ணீர் இறைத்தே காசு போய்விடும்.

புதுப் பாலத்தைப் பழைய குழாய்ப் பாலம் இருக்கும் இடத்திலேயே வைக்காதீர்கள். பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி வைத்தால் வேலை நடக்கும்போது பழைய வழி ஓடிக்கொண்டிருக்கும். ஓட்டுநர் தம்பி சொன்ன படி விழும் சங்கதிக்கு, அபட்மென்டின் பின்பக்கம் ஆற்று மண்ணை அள்ளிப் போடாமல் ஜல்லியும் கிராவலும் அடுக்கடுக்காகக் கெட்டித்து, அதன்மேல் மூன்றரை மீட்டர் நீளத்துக்கு ஒரு கான்கிரீட் அணுகுதட்டு போடச் சொல்லுங்கள். தட்டின் ஒரு முனை அபட்மென்டில் உட்கார்ந்திருக்கும், மண் இறங்கினாலும் படி விழாமல் சரிவாக இறங்கும்.

எல்லாம் முடிந்ததும் திறப்பு விழாவுக்கு முன்னால், மணல் ஏற்றிய லாரியை எடைமேடையில் நிறுத்திச் சீட்டு வாங்கிக் கொண்டுவந்து பாலத்தின் நடுவில் நிறுத்துங்கள். ஏற்றும் முன், ஏற்றிய பின், இறக்கிய பின் என்று மூன்று தடவை கர்டரின் அடியில் லெவல் எடுத்து எழுதிவையுங்கள். இறக்கிய பிறகு கர்டர் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும், அதைத்தான் பார்க்கிறோம். தேதியை இங்கே போடுங்கள், தக்கலையிலிருந்து பஸ் பிடித்து நானே வருகிறேன்.